பிழை ஏதும் இல்லை

முதலில் மாறியது அவளுடைய குரல்தான். அதாவது, அவள் கணவருக்கு அப்படித் தோன்றியது. ஒருநாள் காலையில் மகளின் பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டே, குடை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டவளை அவர் நிமிர்ந்து பார்த்து, தொண்டை கட்டியிருக்கிறதா என்று விசாரித்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையே என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது, வெந்நீர் வைத்துக் குடி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். மறுநாளும் அதையே சொன்னார். கொஞ்ச நாள் கழித்து, அவள் பேசும்போது கூடவே இன்னொருத்தியும் சேர்ந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றார். ஒருத்தியைச் சமாளிக்கவே முழி பிதுங்குகிறது, இதில் இன்னொருத்தி வேறா என்று அவரே ஜோக் அடித்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அவர் முடிதிருத்துபவர். பேருந்து நிலையத்தின் பின்பக்கத் தெருவில் செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் அவருடைய சலூன். இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு. வாய்ப்பேச்சுதான் அந்தத் தொழிலில் பாதி என்பார். கல்யாணமான புதிதில் ஒரு மூளைக்காய்ச்சல் வந்து, உயிரைப் போனால் போகிறதென்று விட்டுவிட்டு இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு பல வருஷம் வாடிக்கையாளர்கள் சுவரில் ஒட்டியிருந்த படங்களைத் தொட்டுக் காட்டுவார்கள், அவர் தலையாட்டிவிட்டு வெட்டுவார். மகள் பிறந்தது அந்த நிசப்தத்தில்தான். குழந்தை சதா கீச்சுக்கீச்சென்று கத்துகிறது என்று அவள் கைப்பேசியில் எழுதிக் காட்ட, அப்படியானால் சிட்டு என்று கூப்பிடுவோம் என்றார். கேட்காத குரலுக்கு அவர் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தும் இதுவே நிலைத்துவிட்டது.

பிறகுதான் அந்தக் கருவி வந்தது. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே வைப்பது. பழைய வகையில் பாதி வெளியே தொங்கும். இது முழுக்கத் தோலுக்கு அடியிலேயே இருக்கும். படுக்கும்போது தலைமாட்டில் தட்டையான சார்ஜர் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். கருவியிலிருந்து மெல்லிய கம்பி உட்காதின் சுருளுக்குள் போகும். கம்பி நெடுக மின்முனைகள்; கனத்த ஒலிக்குச் சில, கீச்சொலிக்குச் சில. ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது எவ்வளவு மின்சாரம், அதிகம் போனால் எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் அளந்து உள்ளே எழுதி வைக்க வேண்டும். அந்த அளவுகள் சரியாக இருந்தால் பெண்டாட்டி குரல் பெண்டாட்டி குரலாகக் கேட்கும். பிசகினால் தகர டப்பாவாகக் கேட்கும்.

அந்த அளவுகளைத் தாங்கும் மெமரி சிப் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்தது. அவளே சோதித்தது. அங்கே அவளுக்கு அடுப்பம்மா என்று பெயர். சிப்களை உலைகளில் வைத்து நாள்கணக்கில் வேகவைத்து, எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கருவியைப் பொருத்தி முதன்முதலில் உயிர்கொடுத்த நாளில் சிட்டு, "அப்பா, கேக்குதா?" என்றாள். அவர் சத்தம் போட்டு அழுதார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தன் கையால் வேகவைத்த சரக்கு தன் வீட்டுக்காரர் தலைக்குள் இருக்கிறது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

குரலுக்கு அடுத்தபடியாக வந்தது மூச்சு. யாரும் இல்லாத அறையில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது என்றார். மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்தினாள். நின்ற பிறகும் கேட்கிறது என்றார். கடையில் ஆளில்லாத நேரத்தில் பெஞ்சில் யாரோ உட்கார்ந்து சீறிச் சீறி மூச்சு விடுகிறானாம். திரும்பிப் பார்த்தால் பெஞ்சு காலியாம். ஆரம்பத்தில் அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னார். முடி வெட்ட வருகிறவனைவிட மூச்சுவிட வருகிறவன் ஒழுங்காகத் தினமும் வருகிறான் என்றார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்டு டிவியில் எதையோ பார்த்துக் கலகலவென்று சிரித்தாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் எகிறிச் சுவரில் அடித்தது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் ஊசி இறக்கின மாதிரி இருந்தது என்று அப்புறம் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தான் செய்த தப்பு என்ன என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் குசுகுசுவென்றுதான் பேசினாள். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் குசுகுசுப்பு இன்னும் மோசமாகப் போயிற்று. அம்மாவும் பெண்ணும் அடுக்களையில் தன்னைப் பற்றி ரகசியம் பேசுகிறார்கள் என்று அவர் நினைக்க ஆரம்பித்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்பார். நாளைக்கு வீட்டுப்பாடம் என்ன என்று பேசினோம் என்றால், நம்பாமல் கொஞ்சநேரம் வாசற்படியிலேயே நிற்பார். அவர் அப்படி நிற்கிற மனுஷர் இல்லை.

கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனாருக்கு விஷயம் எட்டியது. அவள் மேலே ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே சந்தேகப் புத்திதான் வந்தது, சொந்த மகனையே திருடன் என்றார், இது ரத்தத்தில் இருக்கிறது, காலம் தாழ்த்தாமல் மனநல டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றாள். தம்பியைத் தானே கூட்டிக்கொண்டும் போனாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை அவரைத் தூங்கவைத்தது. எழுந்ததும் மூச்சுக்காரன் பெஞ்சில் தயாராக இருந்தான்.

அவளும் மனக்கோளாறு என்றே நம்பியிருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காது கிளினிக்கில் வருஷாந்தரப் பரிசோதனை அப்போதுதான் முடிந்திருந்தது. கருவி நன்றாக இருக்கிறது, பிழை ஏதும் இல்லை என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்கள். சிப்பைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் பெற்ற பிள்ளையை யார் முதலில் சந்தேகிப்பார்கள்?

தோன்றியது ஒரு மதியம், உலையிலிருந்து தட்டை வெளியே எடுக்கும்போது. தட்டில் சிப்கள் வரிசையாகக் கிடந்தன. மின் இணைப்பு இல்லாமல், அசைவில்லாமல், செத்த மாதிரி. இத்தனை வருஷமாக அவள் வேகவைத்ததெல்லாம் தூங்குகிற சிப்களைத்தான் என்பது திடீரென்று உறைத்தது. அவர் தலைக்குள் இருப்பது தூங்கியே கிடப்பதில்லை. அது தினமும் விழிக்கிறது.

அந்தச் சிப்பின் சூட்சுமம் ரொம்பப் பெரிதல்ல. இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே துளியூண்டு ஆக்சைடு படலம். மின்னழுத்தம் கொடுத்தால் படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை முளைக்கும். இழை தடித்தால் மின்தடை குறையும், மெலிந்தால் கூடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் இழை அப்படியே நிற்கும், அதுதான் நினைவு. பழைய வகையில் இழை உண்டு, இல்லை என்று இரண்டே நிலை. இவர்கள் கம்பெனி அந்த இரண்டுக்கும் நடுவில் படிகள் பிரித்து, கொஞ்சம் தடித்தது, இன்னும் கொஞ்சம் தடித்தது என்று பதினாறு நிலை வைத்தது. ஒரு வீட்டுக்குள் பல குடித்தனம் வைத்த மாதிரி. சிப் சின்னதாயிற்று, மின்சாரமும் மிச்சம். காதுக்குப் பின்னால் முழுக்க உள்ளடங்கும் கருவி சாத்தியமானதே அதனால்தான்.

இரண்டு கோடியிலும் உள்ள படிகள் கல்லு மாதிரி நிற்கும். நடுப்படிகள்தான் வம்பு. அங்கே இருக்கும் இழை நாள்பட நாள்படத் தளர்ந்து பக்கத்துப் படிக்கு நழுவப் பார்க்கும். கம்பெனிக்கு அது தெரியும். அதனால் சிப்புக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். விழிக்கும்போதெல்லாம் அது தன்னைத்தானே படித்துப் பார்க்கும். படித்தது சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துவராவிட்டால், படிகளின் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்து மறுபடி படிக்கும். ஒத்துவரும்வரை நகர்த்தும். ஒத்துவந்ததும், அந்த விடையையே புதிதாக எழுதிக்கொள்ளும். இடத்தை மிச்சம்பிடிக்க அந்தச் சரிபார்ப்பு எண்ணைச் சிறியதாக வைத்திருந்தார்கள். எண் சிறியது என்றால், தப்பான விடையும் எப்போதாவது அதற்கு ஒத்துப்போகும். ஒத்துப்போய்விட்டால் அன்றிலிருந்து அதுதான் உண்மை. பழையது இருந்த சுவடே இருக்காது.

அவள் ஒரு தட்டுச் சிப்பை எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து, மின்சாரம் கொடுத்து, விழிக்கவும் உறங்கவும் மாற்றி மாற்றி வைத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள், அடுப்பம்மா இன்றைக்கு அடுப்பே மூட்டவில்லையே, வெறும் வெந்நீர்தானா என்று கேலி செய்தார்கள். வாரக்கடைசியில் திரையைப் பார்த்தாள். பிழை ஏதும் இல்லை என்று பச்சை எழுத்தில் காட்டியது. ஒவ்வொரு சிப்புக்கும் நேராக அதே பச்சை. பிறகு, தான் எழுதியதையும் இப்போது உள்ளே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறைய சிப்களில் அப்படியே இருந்தது. சிலதில் இல்லை. எழுதாத எண்கள் உட்கார்ந்திருந்தன, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன்போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

கொஞ்சநேரம் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. அவள் காட்டியதை முழுக்கப் பொறுமையாகப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். கருவிகள் எதிலிருந்தாவது புகார் வந்திருக்கிறதா, ஏதாவது எர்ரர் காட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல சார். அதுதான் பிரச்சனையே."

"எர்ரர் வரலைங்கறதையே எர்ரர்னு எழுதச் சொல்றீங்களா?"

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தச் சிப்பை நாம் காதுக்கு மட்டுமா கொடுத்தோம் என்று ஆரம்பித்து, எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினார். மேஜைமேல் இருந்த பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார், மாட்டினார். மேலிடத்தில் பேசுகிறேன், அதுவரை இது இந்த அறையைத் தாண்டக் கூடாது என்றார். "வீட்ல கூட யார்கிட்டயும் பேச வேணாம்."

"வீட்லதான் சார் இருக்கு அது," என்றாள் அவள்.

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகம் வெளிறிப் போயிற்று. ஆனாலும் சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. கடை மூடும் நேரமே இல்லை, ஆனால் அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. பாத்ரூமில் குழாய் கொட்டுகிற சத்தம். உள்ளே போய்ப் பார்த்தால், கடையில் கட்டுகிற ஏப்ரனோடு, கையில் காய்ந்த சோப்பு நுரையோடு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். குழாயைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் மற்ற சத்தம் அமுங்கிப் போகிறதாம். பாதி முகம் வழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கடையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவை நனைந்தது.

"கத்தி அவன் தொண்டைல இருக்கு. அவன் உன்னைப் பத்தி அசிங்கமாப் பேசறான். கண்ணாடில பாத்தேன். அவன் வாய் அசையவே இல்ல."

அவள் அவர் கையில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தாள்.

"நான் கண்ணாடியைப் பாக்காம இருந்திருந்தா?"

அவர் தன் கையையே பார்த்தார். இருபது வருஷமாகக் கத்தி பிடித்த கை அது. அவள் குழாயை மூடாமல், வாயசைவு தெரியும்படி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் சொன்னாள். அறையைத் தாண்டக் கூடாது என்றார்களே, அது பாத்ரூம் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் பைத்தியம் இல்லை, உங்கள் தலைக்குள் இருக்கிற என் சிப் பொய் சொல்கிறது, அளவு எகிறிப் போனதால் சத்தமே இல்லாதபோதும் சத்தம் கேட்கிறது என்றாள். அவர் கேட்டுவிட்டு முதலில் பெருமூச்சு விட்டார். பைத்தியம் இல்லை என்றதில் வந்த நிம்மதி. அப்புறம்தான் மற்றது உறைத்திருக்க வேண்டும்.

"நீ இப்ப சொன்னது நீ சொன்னதுதானா?" என்று கேட்டார்.

மறுநாள் காது கிளினிக்குக்குப் போனார்கள். கருவிக்கு அளவு வைக்கிற பெண்ணை அவர் ட்யூனரம்மா என்றுதான் கூப்பிடுவார். சுறுசுறுப்பான பெண், எப்போதும் மிட்டாய் வைத்திருப்பாள். கருவியிலிருந்து அளவுகளைத் திரைக்கு இழுத்து, கிளினிக்கின் பதிவோடு ஒப்பிட்டாள். இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருந்தன. பார்த்தீர்களா, ஒரு மாற்றமும் இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அடுப்பம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். வருஷாந்தரப் பரிசோதனையின்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கருவியில் இருப்பதைப் படித்து இங்கே சேமித்துக்கொள்வோம் என்றாள் ட்யூனரம்மா. பழையதை என்ன செய்வீர்கள்? பழையதின் மேலேயே புதியது விழும். கருவிக்குள் இருப்பதுதானே சரியானது, அப்படித்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுடைய குரல் தேய்ந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

முதல் நாளில் அளந்து வைத்த அளவுகள் உலகத்தில் எங்கேயும் இல்லை. அவர் அழுத அன்று சிட்டுவின் குரல் எந்த எண்களில் இருந்ததோ, அந்த எண்கள் போய்விட்டன.

ட்யூனரம்மா எழுந்து ஜன்னலருகே நின்றாள். யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று இன்னும் சிலர் தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரை அவருடைய பிள்ளைகள் மனநல விடுதியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு முறை கடிதம் அனுப்பினாராம், கருவியைப் பாருங்கள் என்று. கருவியைப் பார்த்தாள். பிழை ஏதும் இல்லை.

முதலிலிருந்து மறுபடி அளந்தார்கள். ஒவ்வொரு முனையாகச் சத்தம் கொடுக்க, அவர் கேட்கிறது, அதிகம், போதும் என்று கைகாட்டினார். அது முடிய அரைநாள் ஆயிற்று. அப்புறம் அவளைப் பேசச் சொன்னாள் ட்யூனரம்மா. என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் காய்கறி வாங்க வேண்டியதைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருக்கும் அவள் குரல் என்றார். மாற்றினார்கள். இல்லை, இவ்வளவு மெல்லிசு இல்லை என்றார். மறுபடி மாற்றினார்கள். அவருக்கு ஞாபகம் இருக்கிற குரலைத் தேடிப் போகிறார்கள். அந்த ஞாபகம் எத்தனை நாளைக்கு முந்தையது, அதுவே கெட்டுப்போனதா என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் அவர் போதும் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் வாடிக்கையாளர் பின்னந்தலையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டாலும் போதும் என்பாரே, அந்தப் போதும்.

கொஞ்சநாள் நன்றாகவே போயிற்று. கடையைத் திறந்தார். கத்தியைத் தொடாமல் கத்தரி வேலை மட்டும் செய்தார். மூச்சு நின்றிருந்தது. ஆனால் சிப் விழிக்கும்போதெல்லாம் தன்னைத் திருத்திக்கொள்வதை நிறுத்தும் வழி கிளினிக்கில் இல்லை. அது கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. கருவியின் செயல்பாட்டை மேம்படுத்தும் மென்பொருள் பரிசீலனையில் இருப்பதாகவும், கவலைப்பட ஏதுமில்லை என்றும் அதில் இருந்தது. பிரிவுத் தலைவர் அதை அவளிடம் நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் சிட்டு வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் குனிந்து பார்த்தார். பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். அது ஒரு கணம்தான். ஆனால் குழந்தை அதைப் பார்த்துவிட்டாள்.

அன்று படுக்கப்போகும் முன் சார்ஜரைத் தலைமாட்டில் வைக்கவில்லை அவர். மறுநாள் தானாகவே கிளினிக்குக்குக் கிளம்பினார். அவளும் சிட்டுவும் கூடப் போனார்கள். கருவியை அணைத்துவிடுங்கள் என்று ட்யூனரம்மாவிடம் சொன்னார். மனைவிக்கு ஆற்றாமை பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம், மாதாமாதம் வந்து அளந்துகொள்ளலாம், குழந்தையின் குரலையாவது விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

"நான் கேக்கறது சிட்டு குரல் இல்ல," என்றார் அவர். "நேத்து அது கூப்பிட்டப்போ வேற எதுவோ என் பொண்ணு முகத்தை மாட்டிக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு. இதுக்குப் பழகிட்டேன்னா, அப்புறம் அது சொல்றதத்தான் நான் நம்புவேன். உன்னை நம்ப மாட்டேன்."

ட்யூனரம்மா அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு விசையைத் தட்டினாள். அவ்வளவுதான். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியதை மனைவி கண்ணால் பார்த்தாள். எத்தனையோ நாளாகத் தூக்கிவைத்திருந்த தோள்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். பாதித் தெருவில் சிட்டு அம்மாவிடம், அப்பாவுக்கு இப்போது சத்தம் போட்டால் வலிக்காதா என்று குசுகுசுவென்று கேட்டாள். வலிக்காது என்றாள் அவள். குழந்தை கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். அப்புறம் ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தது, யார் யாரைக் கிள்ளியது, டீச்சரின் கண்ணாடி உடைந்தது, எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள், சிரித்தாள், பாடினாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பின்பக்கமாக நடந்துகொண்டே மகளின் வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

கடையில் மறுபடி படங்கள் ஒட்டினார். தொழில் பரவாயில்லாமல் நடந்தது. நாத்தனார் மட்டும், நல்ல காதை வேண்டாம் என்று அணைத்துக்கொண்டவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

அவள் வேலையை விடவில்லை. விட்டால் உலைக்குப் பக்கத்தில் வேறு யாரோ உட்காருவார்கள், அவர்களுக்குப் பச்சை எழுத்து மட்டும்தான் தெரியும். ஆனால் அறையைத் தாண்டக் கூடாது என்ற பேச்சை அவள் விட்டுவிட்டாள். ட்யூனரம்மாவோடு சேர்ந்து, அதே வகைக் கருவி வைத்திருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். சிலர் ஓடி வந்தார்கள். சிலர் திட்டினார்கள். ஆசிரியரை விடுதியிலிருந்து மகள் போய் அழைத்துவந்தாள்.

ஒருவர் மட்டும் வரவில்லை. எலக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவர், தாயாரோடு இருக்கிறார். தொலைபேசியில் தாயார்தான் பேசினாள், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல. மகனுக்கு இப்போது முன்னைவிட நன்றாகக் கேட்கிறதாம். சந்தோஷமாக இருக்கிறானாம். அதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்கு ஏன் அழுகை வந்தது என்று இவர்களுக்குப் புரியவில்லை. முடிந்தால் வாருங்கள், நான் கூப்பிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் பகலில் இரண்டு பேரும் போனார்கள். மாடி வீடு. அந்தம்மா வெறுங்காலோடு வந்து ஓசைப்படாமல் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே புழுக்கமாக இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. பிரிட்ஜின் கதவு திறந்து கிடந்தது, உள்ளே விளக்கில்லை. சத்தம் போடுகிற எதையும் அவன் வீட்டில் விட்டுவைக்கவில்லை.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுத்தமாகச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. இவர்கள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"வாங்க. ரெண்டு பேர் வருவீங்கன்னு சொன்னாங்க."

அவள் அந்தம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா, நான் சொல்லவில்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ட்யூனரம்மாவின் கை தன் பைக்குள் இருந்த, காதுக் கருவியை அணைக்கும் ரிமோட்டைத் தேடிப் போயிற்று. அவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள்.

அவன் எழுந்து, ரொம்ப மரியாதையாக, இரண்டு நாற்காலிகளைத் தரையில் உரசாமல் தூக்கிக்கொண்டு வந்து எதிரே போட்டான். பிறகு, யாரோ காதோரம் பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றான்.

"உக்காருங்க," என்றான். "அவங்க இன்னும் பேசி முடிக்கல."